கோடரிக்காம்பு என்னும் பழி

கேட்கப்பட்ட கேள்வி இது: ஓர் இனத்தில் பிறந்தவர், அந்த இனத்தவரில் பெரும்பாலோர் ஏற்காத கட்சியையோ கொள்கையையோ ஆதரித்தால், அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்லாமல் "நீ நம்மவனே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்களே, இதில் ஏதேனும் நியாயம் உண்டா? அத்தகைய விமர்சனத்துக்கு ஆளாகிறவர் என்ன செய்வது?

உண்டு, இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் தர முடியாது. அந்த ஒரே வசைக்குள் இரண்டு வெவ்வேறு குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. "நீ ஆதரிக்கும் கொள்கை நம் மக்களுக்குத் தீங்கு செய்யும்" என்பது ஒன்று. "அப்படி நினைக்கிற நீ நம்மில் ஒருவனாக இருக்க முடியாது" என்பது மற்றொன்று. முதலாவது அரசியல் விமர்சனம். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், பிறப்பைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. இரண்டாவது ஒருவருடைய பிறப்பைப் பற்றிய தீர்ப்பு. அதை வழங்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. திட்டுகிறவர்களும் திட்டு வாங்குகிறவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில் தங்களுக்கு ஓர் ஆதாயம் இருப்பதைக் கண்டுகொள்கிறார்கள் என்பதே என் எண்ணம். இதைப் பற்றி மிக நீண்ட பதிவுகள் உள்ள இடம் அமெரிக்கா, அதிலும் குறிப்பாகக் கறுப்பினத்தவரின் அரசியல் என்பதால், பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன்.

முதலில், "எதிர்பார்க்கப்படும் கருத்து" எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்று அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பதைப் பார்க்கும் ஒருவர், அது என்றும் அப்படியே இருந்தது என்று நினைக்கக்கூடும். உண்மையில் அடிமை முறை ஒழிந்த காலத்திலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தவரின் கட்சி லிங்கனின் குடியரசுக் கட்சிதான். அன்றைய ஜனநாயகக் கட்சி என்பது தெற்கத்திய வெள்ளை நிலவுடைமையாளர்களின் கட்சி. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் ஜனநாயகக் கட்சிக்காரராக இருப்பதே துரோகமாகக் கருதப்பட்டது. 1932 செப்டம்பரில், "பிட்ஸ்பர்க் கூரியர்" என்ற கறுப்பின வார இதழின் வெளியீட்டாளரான ராபர்ட் வான், கிளீவ்லாந்தில் பேசும்போது, நண்பர்களே, வீட்டுக்குப் போய் லிங்கனின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்றார். கறுப்பினத்தவர் வீட்டுச் சுவர்களில் லிங்கனின் படம் எத்தகைய மரியாதையோடு மாட்டப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தின் துணிச்சல் புரியும். அந்த ஆண்டுத் தேர்தலில் பெரும்பாலான கறுப்பின வாக்காளர்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை, குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே வாக்களித்தார்கள். 1934இல் சிகாகோவில் ஆர்தர் மிட்செல், பதவியில் இருந்த கறுப்பினக் குடியரசுக் கட்சி உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட்டைத் தோற்கடித்து, நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பின ஜனநாயகக் கட்சிக்காரர் ஆனார். 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்குக் கறுப்பினத்தவரின் வாக்குகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் மீறல் வழக்கமாகிவிட்டது. அதன் பிறகும் கதவு முழுவதுமாக மூடிவிடவில்லை. 1956இல் குடியரசுக் கட்சியின் ஐசனோவர் பத்தில் நான்கு பங்கு அளவுக்குக் கறுப்பின வாக்குகளைப் பெற்றார். 1960இல் அதே கட்சியின் நிக்சன் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றார். 1964இல், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக நிறுத்தியபோதுதான் அந்தப் பங்கு ஆறு விழுக்காடாக வீழ்ந்தது. பிறகு பழைய அளவுக்கு எழவே இல்லை. (வான் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1940இல் அவர் மீண்டும் குடியரசுக் கட்சி வேட்பாளர் வில்கியை ஆதரித்தார். இப்போது அதுவே எதிர்பாராத நிலைப்பாடு.)

எனவே, இனத்துக்கென்று ஒரு கருத்து இரத்தத்தில் ஊறி வருவதில்லை. ஒரு மக்கள் கூட்டம், தான் பட்ட பாட்டைக் கணக்கிட்டு, தனக்கு எது பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் எடுத்த முடிவே, நாளடைவில் அந்தக் கூட்டத்தின் இயல்பு என்று தோற்றம் கொள்கிறது. முடிவு என்பதால் அதை மறுபரிசீலனை செய்யலாம். பட்ட பாட்டிலிருந்து பிறந்தது என்பதால் அதை அலட்சியமாகத் தள்ளவும் கூடாது.

மாறுபட்ட கருத்துக் கொண்டவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். "மந்தை மனப்பான்மை" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ பதின்மூன்று விழுக்காடே உள்ள ஒரு சமூகம், வாக்குரிமையும் பள்ளியும் பேருந்து இருக்கையும் பெற்றது ஒற்றுமையால்தான். மாண்ட்கோமரி நகரத்தில் 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள்கள் நடந்தது. அத்தனை நாளும் சமையல் வேலைக்கும் சலவை வேலைக்கும் மைல்கணக்கில் நடந்து போன பெண்களுக்கு, "எனக்குக் கால் வலிக்கிறது, நான் பேருந்தில் போகிறேன், அது என் தனி உரிமை" என்று ஒருவர் சொல்வது எப்படிக் கேட்டிருக்கும்? சிலர் பேருந்தில் ஏறினால் அதன் விலையை எல்லோரும் கொடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய போராட்டத்தில் சமூக நெருக்குதல் ஒரு கருவி. சட்டமும் காவல்துறையும் பணமும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது கையில் உள்ள ஒரே கருவியும் அதுதான்.

அரசியல் அறிஞர் மைக்கேல் டாசன் 1994இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தன் இனத்துக்கு நேர்வதே தனக்கும் நேரும் என்ற "பிணைந்த விதி" உணர்வால், கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் இனத்தின் நலத்தைத் தம் நலத்துக்கான குறுக்கு வழிக் கணக்காகக் கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். செல்வம் சேர்ந்த பிறகும் அவர்கள் ஏன் வரிக்குறைப்புக் கட்சிக்கு மாறவில்லை என்பதற்கு அது பதில் சொன்னது. பின்னர் இஸ்மாயில் ஒயிட், செரில் லேர்ட் ஆகிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். தங்களைப் பழைமைவாதிகள் என்று சொல்லிக்கொள்ளும் கறுப்பினத்தவர் கணிசமாகவே இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். ஏன்? அந்த ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. 2012 தேர்தல் காலத்தில் கறுப்பின மாணவர்களிடம் நூறு டாலரை ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, குடியரசுக் கட்சியின் ராம்னி ஆகிய இருவரின் பிரசாரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ராம்னிக்குக் கொடுப்பதற்கு ஏற்ப மாணவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்று ஆசை காட்டியபோது ராம்னி பக்கம் போன தொகை உயர்ந்தது. அதே ஆசையோடு, யார் எவ்வளவு கொடுத்தார் என்பது மாணவர் இதழில் வெளியாகும் என்றும் சொன்னபோது அந்த உயர்வு பெருமளவு காணாமற்போயிற்று. சட்டைப்பைக்கு வரும் காசைவிட, நாளை வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கப்போகும் பார்வைக்கு மதிப்பு அதிகம் என்பது இதன் பொருள்.

இதைப் படிப்பவர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். "பார்த்தீர்களா, மிரட்டி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லலாம். "காசுக்கு விலைபோகாமல் இருக்க ஒருவருக்கொருவர் துணை நிற்கிறார்கள்" என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை. எது எந்த இடத்தில் உண்மை என்பதே கேள்வி. பெரும்பான்மை வெள்ளையருக்கு இந்தத் தொல்லை இன்று இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு வெள்ளை அமெரிக்கர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும், வெள்ளையராக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று அன்றாடம் யாரும் அவரிடம் கேட்பதில்லை. பிரிந்து நின்று வாக்களிக்கும் சொகுசு, பிரிந்தாலும் அழியாதவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

"இன்று இல்லை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெள்ளையருக்கும் இந்தப் பழி விழுந்த காலம் இருந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த வசை எந்த இனத்துக்கும் சொந்தமானதன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங் 1880இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்த பழங்குடும்பம். அறுபது வயதைக் கடந்த பிறகு கூட்டாட்சி நீதிபதியானார். 1946இல், போரிலிருந்து சீருடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வுடார்டு என்ற கறுப்பின வீரரைப் பேட்ஸ்பர்க் ஊர்க் காவல்துறைத் தலைவர் கண்கள் குருடாகும்படி அடித்த வழக்கு வேரிங்கின் முன் வந்தது. வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு அரை மணி நேரத்துக்குள் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அந்த வழக்கு அவரை உலுக்கிவிட்டது. மறு ஆண்டு, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில் கறுப்பினத்தவரும் வாக்களிக்கலாம் என்று தீர்ப்பளித்து, தென் கரோலினா மீண்டும் அமெரிக்க ஒன்றியத்தில் சேர வேண்டிய காலம் வந்துவிட்டது என்று எழுதினார். 1951இல் பள்ளிகளில் இன ஒதுக்கலை எதிர்த்த பிரிக்ஸ் வழக்கில், மற்ற இரு நீதிபதிகளிடமிருந்து மாறுபட்டு, ஒதுக்கி வைத்தலே சமமின்மைதான் என்று தீர்ப்பெழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் ஒருமனதாக அதே முடிவுக்குத்தான் வந்தது.

சார்ல்ஸ்டன் அவருக்குச் செய்தது என்ன? வீட்டின் முன்னே சிலுவை கொளுத்தப்பட்டது. சன்னல் வழியாகக் கற்கள் வந்து விழுந்தன. அவரைப் பதவி நீக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்தில் முயன்றார்கள். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது அந்த வன்முறைகூட இல்லை. ஊர்ப் பெரியவர்கள் அவருடைய தீர்ப்புகளுக்குச் சொன்ன விளக்கம்தான். 1945இல் அவர் தம் முதல் மனைவியை மணவிலக்குச் செய்துவிட்டு வடக்கத்தியப் பெண்மணி ஒருவரை மணந்திருந்தார். அதனால் ஊர் விருந்துகளுக்கு அழைப்பு நின்றுபோயிற்று. அந்தக் கோபத்தில்தான் கிழவர் சொந்த இனத்தையே பழிவாங்குகிறார் என்று பேசிக்கொண்டார்கள். வுடார்டின் கண்களைப் பற்றியோ, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக் கட்டடங்களைப் பற்றியோ யாரும் பேச வேண்டியதில்லை; மனைவியைப் பற்றிப் பேசினால் போதும். 1952இல் அவர் பதவி ஓய்வு பெற்று நியூயார்க்குக்குப் போனார். 1968இல் சார்ல்ஸ்டனில் அவரை அடக்கம் செய்தபோது ஏறத்தாழ இருநூறு கறுப்பினத்தவர் வந்தார்கள். வெள்ளையர் ஒரு டசன்கூடத் தேறவில்லை. 2015இல் அந்த ஊர்க் கூட்டாட்சி நீதிமன்ற வளாகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்று நாம் சொல்வதற்கு எல்லா மொழியிலும் ஒரு சொல் உண்டு, எல்லா மொழியிலும் அது இதே வேலையைத்தான் செய்கிறது: காரணத்தைக் கேட்காமல் நோக்கத்தைத் தேடுகிறது. பணம் வாங்கிவிட்டான், பதவி ஆசை, மனைவி அந்த இனம், தன் தோலையே வெறுக்கிறான். இந்த நான்கையும் மீறி ஐந்தாவதாக ஒரு காரணம் இருக்கலாம், அவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. நான் முன்பு சொன்ன இரண்டாவது குற்றச்சாட்டை அடையாளம் காண இதுவே எளிய வழி. உங்களை விமர்சிக்கிறவர் கொள்கையின் விளைவைப் பற்றிப் பேசினால் அது விமர்சனம். உங்கள் மனத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டதாகச் சொன்னால், அது விலக்கிவைத்தல்.

கறுப்பினப் பழைமைவாதியான கிளாரன்ஸ் தாமஸின் வாழ்க்கையில் இவ்விரண்டையும் அருகருகே பார்க்கலாம். 1991 அக்டோபரில் 52க்கு 48 என்ற கணக்கில் செனட் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஏற்றது. சில மாதங்களில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மதிப்புமிக்க கறுப்பின நீதிபதியான லியோன் ஹிக்கின்பாதம் அவருக்கு ஒரு திறந்த மடல் எழுதிச் சட்ட இதழில் வெளியிட்டார். அதில் வசை இல்லை. நீங்கள் அலட்சியமாகப் பேசுகிற குடிமை உரிமை இயக்கம் இல்லாவிட்டால் நீங்கள் இந்த நாற்காலிக்கு வந்திருக்க முடியாது. இனக்கலப்புத் திருமணத்தைத் தடுத்த வர்ஜீனியாவின் சட்டத்தை 1967இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியிருக்காவிட்டால் நீங்களும் உங்கள் மனைவியும் அந்த மாநிலத்தில் ஒன்றாக வாழ்ந்திருக்கவே முடியாது. ஆகவே வரலாற்றைப் பாருங்கள் என்று வழக்கு வழக்காக எடுத்துவைத்தது அந்த மடல். கடுமையானதுதான், ஆனால் பதில் சொல்லக்கூடிய கடுமை. மாறாக, 1993இல் ஒரு கறுப்பின இதழ், பழைய விளம்பரங்களில் வரும் கறுப்பினச் சமையல்காரியின் தலைத்துணியைத் தாமஸுக்குக் கட்டிவிட்டு அட்டைப்படம் போட்டது. அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

இனச் சலுகையால் யேல் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டு அதே சலுகையைத் தாமஸ் எதிர்க்கிறார், ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறார் என்பது அவர்மீது இன்றுவரை சொல்லப்படும் குறை. இது கேட்கத்தக்க கேள்வி. ஆனால் கேட்டவுடனே வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. அவரிடம் பதில் இருக்கிறது. யேல் பட்டத்தோடு வேலை தேடிப் போன இடமெல்லாம், இது உண்மையான தகுதியால் வந்ததா என்ற ஐயத்தோடு தம்மைப் பார்த்தார்கள் என்கிறார். அந்தக் கசப்பில், ஒரு சுருட்டுப் பொட்டலத்தின் பதினைந்து சென்ட் விலைச்சீட்டைக் கிழித்துப் பட்டத்தை மாட்டிய சட்டகத்தின்மீது ஒட்டிவைத்ததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய முடிவை ஏற்காமலே இருக்கலாம், நானும் பல தீர்ப்புகளில் ஹிக்கின்பாதம் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்த விலைச்சீட்டு ஒரு கறுப்பின அனுபவம். வெள்ளையரைப் போல யோசிக்கிறார் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 1998 ஜூலையில், கறுப்பின வழக்கறிஞர்களின் சங்கமான தேசிய வழக்கறிஞர் சங்கம் மெம்பிஸில் கூடியபோது அவரை அழைத்திருந்தார்கள். அழைப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று உறுப்பினர்களிலேயே ஒரு பகுதியினர் போராடினார்கள். அவர் போனார். சுயமாகச் சிந்திக்கும் உரிமையை நிலைநாட்டவே வந்தேன், கறுப்பன் என்பதற்காக என் கருத்துகளை இன்னொருவர் எனக்கு ஒதுக்கித் தருவதை ஏற்க மாட்டேன் என்று அங்கேயே பேசினார்.

பிறப்பைத் தீர்மானிக்கும் இந்த வேலையைச் சொந்த இனத்தார் மட்டும் செய்வதில்லை என்பதுதான் இதில் மிகவும் எரிச்சலூட்டுவது. 2020 மே மாதம், என்னையா டிரம்பையா ஆதரிப்பது என்று முடிவுசெய்ய உனக்குச் சிக்கல் இருந்தால் நீ கறுப்பனே இல்லை என்று ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஜோ பைடன் சொன்னார். அன்றைக்கே வருத்தமும் தெரிவித்தார். 2022 செப்டம்பரில் பிரிட்டனின் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ரூபா ஹக், அப்போது நிதியமைச்சராக இருந்த குவாசி குவார்ட்டெங் மேலோட்டமாகத்தான் கறுப்பர், வானொலியில் அவர் குரலைக் கேட்டால் கறுப்பர் என்றே தெரியாது என்று பேசிவிட்டு, கட்சியிலிருந்து இடைநீக்கப்பட்டார், மன்னிப்பும் கேட்டார். அந்த அமைச்சரின் வரித்திட்டத்தைத் தாக்குவதற்கு அந்த வாரம் வேண்டிய அளவு காரணங்கள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு அவர் குரலைத் தாக்கப் போனதால், திட்டத்தைப் பற்றிய பேச்சு அன்று பின்னுக்குப் போயிற்று.

இனி, மாறுபட்ட கருத்துக் கொண்டவருக்குச் சொல்ல வேண்டியவை.

சொந்த இனத்தின் வசையைவிட அபாயமானது எதிர்ப்பக்கத்தின் அணைப்பு. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1955இல், பள்ளி இன ஒதுக்கலை ஒழித்த தீர்ப்பைக் கண்டித்து ஃபுளோரிடா நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். என் அருகில் இருக்க விரும்பாத ஒருவரை நீதிமன்ற ஆணையால் என்னோடு பழகவைப்பதில் எனக்கு என்ன நிறைவு என்று அவர் கேட்டார். கறுப்பினப் பள்ளிகள்மீதும் கறுப்பின ஆசிரியர்கள்மீதும் அவருக்கு இருந்த பெருமிதத்தில் பிறந்த வாதம் அது. தெற்கத்திய இன ஒதுக்கல்வாதிகளுக்கு அந்தப் பெருமிதம் வேண்டியிருக்கவில்லை. "பாருங்கள், அவர்களில் ஒருவரே சொல்கிறார்" என்பது மட்டும் வேண்டியிருந்தது. கடிதத்தை ஊர் ஊராக மறுபதிப்புச் செய்தார்கள். ஹர்ஸ்டன் தவறா சரியா என்பது ஒருபுறம் இருக்க, தம் சொல் யார் கையில் போய்ச் சேரும் என்பதைக் கணக்கிடாமல் அவர் எழுதினார் என்பது விமர்சனத்துக்குரியதுதான். விளைவைப் பற்றிய விமர்சனம் என்று நான் சொன்னதில் இதுவும் அடங்கும்.

"அவர்களில் ஒருவரே சொல்கிறார்" என்ற அந்த வாக்கியம் எத்தனை பேருடைய பிழைப்பாகியிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அதை நீங்களே சொல்லத் தொடங்கினால், அதாவது "நானே இந்த இனத்தவன், நானே சொல்கிறேன்" என்று உங்கள் பிறப்பை வாதத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினால், பிறகு எதிராளி உங்கள் பிறப்பைப் பற்றிப் பேசும்போது அழக்கூடாது. தராசில் அதை முதலில் வைத்தது நீங்கள். வரிக்கொள்கை பற்றிய உங்கள் கருத்து சரியென்றால் யார் சொன்னாலும் சரி; தவறென்றால் உங்கள் தோல் அதைத் திருத்தாது. தாமஸின் விலைச்சீட்டைப் போல, பட்ட அனுபவத்தைச் சான்றாக வைப்பது வேறு. பிறந்ததையே சான்றிதழாக நீட்டுவது வேறு.

அணைப்பிலிருந்து விலகவும் தெரிந்திருக்க வேண்டும். பொருளியல் அறிஞர் கிளென் லவுரி 1980களில் கறுப்பினப் பழைமைவாதிகளில் முன்னணியில் இருந்தவர். கறுப்பினத் தலைவர்களிடமிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். 1995இல், அவர் சார்ந்திருந்த வாஷிங்டன் பழைமைவாத ஆய்வு நிறுவனத்தின் ஆதரவோடு தினேஷ் டிசூசா எழுதிய புத்தகம் கறுப்பினத்தவரை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி, லவுரியும் ராபர்ட் வுட்சனும் அந்த நிறுவனத்தோடு தொடர்பை முறித்துக்கொண்டார்கள். அதற்காக அவர்கள் உடனே எதிர்முகாமுக்குப் போய்விடவும் இல்லை. என் கருத்தை நீங்கள் வாங்கலாம், என்னை வாங்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த அணைப்புக்கு எல்லை உண்டு என்பதை அறியாதவர்கள் பின்னால் அடிபடுகிறார்கள். நம்மவர்கள் பலருக்கு நினைவிருக்கும், 2024 மே மாதம், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமியின் சொந்த நிகழ்ச்சியிலேயே, உங்கள் கருத்துகள் பலவற்றோடு உடன்படுகிறேன், ஆனாலும் நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்று வலதுசாரி எழுத்தாளர் ஆன் கோல்ட்டர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். உடன்பாடு இருந்தும் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டார்.

எதிர்பாராத கருத்து என்றால் வலதுசாரிக் கருத்துதான் என்ற எண்ணமும் பிழை. மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியபோது, வெள்ளை நாளிதழ்கள் மட்டுமல்ல, கறுப்பின அமைப்புகளும் அவரைக் கண்டித்தன. கறுப்பினத் தலைவர் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசினால் போதும், வெளிநாட்டுக் கொள்கை எதற்கு என்பதே அந்தக் கண்டனத்தின் சாரம். இனத்துக்குள் அடைத்துவைக்கும் ஏவல் எத்திசையிலிருந்தும் வரும்.

சட்டம் உதவுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் வேலையிடத்தில் இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. அரசியல் கருத்து அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியா, தலைநகர் வாஷிங்டன் போன்ற சில இடங்களில் தனிச் சட்டங்கள் உண்டு. பிரிட்டனில், அப்போது பிரதமராக இருந்த ரிஷி சுனக்கையும் உள்துறை அமைச்சராக இருந்த சுயெல்லா பிரேவர்மனையும் தேங்காய்களாக வரைந்து, அதாவது வெளியே பழுப்பு உள்ளே வெள்ளை என்று சொல்லி, ஊர்வலத்தில் பதாகை பிடித்த ஒரு பெண்மணிமீது இனவெறிக் குற்ற வழக்குத் தொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அதை அரசியல் நையாண்டி என்று கருதி விடுவித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. வசை அநியாயம் என்பதால் அது குற்றமாகிவிடாது. நீதிமன்றத்தை நம்பி இந்த வழக்கை வெல்ல முடியாது.

நம்பத்தக்கது நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதுதான். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1960இல் நிக்சனை ஆதரித்தார். கறுப்பினத்தவர் ஒரே கட்சிக்குள் அடைந்து கிடந்தால் ஒரு கட்சி அவர்களை மறந்துவிடும், மற்றது அவர்களைக் கைக்குள் இருப்பதாகக் கருதிவிடும் என்பது அவர் வாதம். இன்று கேட்டாலும் வலுவுள்ள வாதம். அந்த ஆண்டு அக்டோபரில் கிங் சிறைப்பட்டபோது நிக்சன் வாய் திறக்க மறுத்தார், கென்னடி கிங்கின் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினார். ராபின்சனுக்கு அது பெரும் அடி. 1964இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்குள் போய்க் கோல்ட்வாட்டரை எதிர்த்து நின்றார். 1968இல் நிக்சனையே எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரியை ஆதரித்தார். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அவரை வெள்ளை முதலாளிகளின் ஆள் என்று தாக்கியிருந்தார். ராபின்சனும் சளைக்காமல் எழுத்தில் பதில் கொடுத்தார். இந்த ஆண்டுகள் முழுவதும் அவர் குடிமை உரிமை இயக்கத்துக்காக நிதி திரட்டுவதையும் ஊர்வலங்களில் நடப்பதையும் நிறுத்தவில்லை. அவரோடு முரண்பட்டவர்களாலும் அவரை இனத்தைவிட்டு வெளியேற்ற முடியாமல் போனதற்கு அதுவே காரணம்: வாக்குச்சாவடியில் வேறு பக்கம் நின்றவர், துயரம் வந்த இடத்தில் இந்தப் பக்கமே நின்றார்.

கடைசியாக, நடைமுறையில் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளிப்படையாகப் பேசிய பிறகு, கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்த சிலர் தனியே வந்து, நீ சொன்னது சரிதான் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். முன்பு சொன்ன ஆய்வில் பெயர் வெளியாகும் என்றதும் பின்வாங்கிய மாணவர்களைப் போன்றவர்கள் அவர்கள். அந்த ஆதரவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் "பலரும் என்னோடு உடன்படுகிறார்கள்" என்று அறிவிக்காதீர்கள். கேட்கிறவர்கள் யார் அந்தப் பலர் என்று தேடத் தொடங்குவார்கள், நீங்கள் வாங்கிய அடி அவர்களுக்கும் விழும். அவர்களிடம் வேண்டுமானால் ஒன்று கேட்கலாம்: என்னைத் திட்டுகிறவர்களின் வாதத்தில் எது வலுவானது என்று நினைக்கிறீர்கள்? அவர்களுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.